மாடு மேய்த்த மூன்று வருடங்கள்

இன்று ஞாயிறு. அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். இந்த ஐப்பசி மழைக்கு என் வீட்டில் வேறு இடமே கிடைக்காதது போல அலமாரி இருக்கும் மூலையாகப் பார்த்து ஒழுகுகிறது. அடித்தட்டில் விரித்திருந்த அட்டை ஊறிப்போய் வீடு முழுக்க அதன் வாசனை. உருவி எடுத்துத் திருப்பினால், அடிப்பக்கத்தில் உன் கோடு. பிஸ்கட் பெட்டியைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் போட்டது. இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிந்து இறங்குகிறது. பக்கத்தில் உன் எழுத்தில், "விலை நிக்கும், அளவு படுக்கும்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாத்திரங்கள் கூடத்தில் பரப்பியது பரப்பியபடி கிடக்கின்றன. கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே எடுத்து வைக்க. வீட்டுக்காரர் போய் ஏழு வருடம், பிள்ளை குட்டி இல்லை, இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நீ இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. நேராக அதற்குப் போக இப்போதும் எனக்குத் தைரியம் இல்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நீ எங்கள் பேக்கிங் பகுதிக்கு வந்த முதல் நாள், பெட்டிக்கு டேப் ஒட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான். பதினோரு வருடம் அந்த மேசையில் நின்றவள் என்ற மிதப்பு எனக்கு. டேப்பை இழுத்து விரலால் தேய்க்கும்போது குமிழி நிற்கக்கூடாது என்றேன். மூன்றாவது பெட்டியிலேயே என்னைவிடச் சுத்தமாக ஒட்டினாய், எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. சங்கரன்கோயில் பக்கம் ஊர், வயது இருபத்து மூன்று, ப்ளஸ் டூ வரை படிப்பு என்றாய். உன்னோடு ஒரே பஸ்ஸில் உங்கள் ஊர்ப் பெண் இன்னொருத்தியும் வந்திருந்தாள். குட்டையாக, சுருட்டை முடியோடு இருப்பாள். லைனில் அவளைச் சுருட்டை என்றே கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். சுங்குவார்சத்திரத்து ஹாஸ்டலில் உங்களுக்கு ஒரே அறை. ஒரு ஷாம்பு பாக்கெட்டை இரண்டு பேரும் இரண்டு வாரம் வைத்திருப்பீர்கள்.

அப்போதுதான் கம்பெனியில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கான்ட்ராக்டில் பத்து வருடம் தாண்டியவர்கள் ப்ளஸ் டூ முடித்திருந்தால் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுத்து லைன் லீடர் ஆக்குவார்களாம். நான் பத்தாவதோடு நின்றவள். முப்பத்தேழு வயதில் தனித்தேர்வராகப் பணம் கட்டி முதலில் ப்ளஸ் ஒன் எழுதினேன். மற்ற பாடமெல்லாம் தட்டுத்தடுமாறிக் கரையேறின. பொருளியல் மட்டும் இருபத்தொன்று. அந்த வருடப் புத்தகம் முழுக்க நுண்ணினப் பொருளியல். படம் போடச் சொல்கிறான், கோடு வளைகிறது, எதற்கு வளைகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

மறுபடி எழுதுவதற்காக கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் நோட்ஸை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஐந்தாவது தடவை நான் நடுவில் தடுமாறியபோது, எதிரே சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்த நீ தலையைத் தூக்காமல் மிச்சத்தைச் சொன்னாய். பிறகு, அதை மனப்பாடம் பண்ண வேண்டாம், தட்டில் இருக்கிறது பாருங்கள் என்றாய். வெள்ளிக்கிழமை, தட்டில் கேசரி. முதல் கரண்டி எப்படி இருந்தது, இரண்டாவது எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்து, நாலாவது கரண்டி வைத்தால் வாங்குவீர்களா என்றாய். வாங்குவேன் என்றேன். ஐந்தாவது? அதுவும்தான். நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய்.

"எக்கா, ஒங்களுக்கு அந்த விதி பொருந்தாது. பரீட்சையில மட்டும் போதும்னு சொல்லிருங்க."

அன்றிலிருந்து இரண்டரை மணி கம்பெனி பஸ்ஸில் நான் என் ஸ்டாப்பில் இறங்கவில்லை. உன்னோடு சுங்குவார்சத்திரம் வரைக்கும் வருவேன். டிரைவர் முதல் வாரம் முறைத்தார், பிறகு பழகிவிட்டார். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த டீக்கடையில், பாய்லருக்குத் தள்ளி ஒரு பெஞ்சு. கடைக்காரர் காலி பிஸ்கட் பெட்டிகளைக் கொடுப்பார், நீ அதைப் பிரித்துப் பலகையாக்குவாய். ஹாஸ்டல் வார்டன் ஐந்து மணிக்கு வருகை எடுப்பார்கள் என்பதால் நாலே முக்கால் வரைதான் பாடம். சுருட்டையும் சில நாள் வந்து உட்காருவாள், நீ கேள்வி கேட்க ஆரம்பித்தால் நைசாக எழுந்து போய்விடுவாள்.

நான் எல்லாப் படத்தையும் தலைகீழாகப் போட்டேன். லைனில் மணிக்கு மணி கணக்கு எழுதும் போர்டு இருக்கிறதே, அதில் மணி கீழ்நோக்கி இறங்கும், எண்ணிக்கை பக்கவாட்டில் ஓடும். பதினோரு வருடமாக அதைப் பார்த்த கண்ணுக்கு எந்தக் கட்டம் போட்டாலும் அந்தப் போர்டுதான் வரும். மேலே தொடங்கிக் கீழே எண்ணிக்கொண்டு வந்தால் கோடு உருப்படுமா? நீ சலிக்கவில்லை. விலைக்கு நிற்கும் கோடு, அளவுக்குப் படுக்கும் கோடு, விலை நிற்கும், அளவு படுக்கும் என்று கையை நிறுத்தியும் படுக்க வைத்தும் காட்டினாய். பெட்டி ஒட்டும்போதுகூட, சூப்பர்வைசர் பார்க்காத நேரத்தில், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் கை ஒரு தடவை நிற்கும், ஒரு தடவை படுக்கும்.

மாறும் விகித விளைவு விதி வந்த நாள்தான் எனக்குப் புத்தகத்தின் மேல் இருந்த பயம் போனது. நீ பாடத்தைத் திறக்கவே இல்லை. நம் மேசையில் ஒரு ஆள் நின்றால் எத்தனை பெட்டி, இரண்டு ஆள் நின்றால் எத்தனை என்று கேட்டாய். மூன்றாவது ஆள் வந்தால் வேலை பறக்கும், நாலாவது ஆளும் சரிதான், ஐந்தாவது ஆள் வந்தால் முழங்கை இடிக்கும், ஆறாவது ஆளைப் போட்டால் ஊர்க்கதைதான் நடக்கும் என்றேன். அவ்வளவுதான் விதி என்றாய். பெரியவர்கள் யோசித்துப் புத்தகத்தில் எழுதி வைத்ததை நான் தினமும் முழங்கையில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அன்று ஒரு கர்வம் வந்தது பார், இரண்டு வடை அதிகமாகச் சொன்னேன்.

அந்த வடையைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் கேட்டேன், இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்று. ஸ்கூலில் படித்தது என்று முதலில் மழுப்பினாய். நான் விடவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாய். பி.ஏ. எகனாமிக்ஸ், முதல் வகுப்பு. டிகிரி படித்தவர்கள் என்றால் லைனுக்கு எடுக்க மாட்டார்கள், நாலு மாதத்தில் ஓடிவிடுவார்கள், சட்டம் பேசுவார்கள் என்று பயம், அதனால் ஆள் சேர்க்கும் ஏஜெண்டே விண்ணப்பத்தில் ப்ளஸ் டூ என்று எழுதச் சொன்னான் என்றாய்.

"மூணு வருசம் என்ன பண்ணுனன்னு கேட்டாவக்கா. வீட்டுல மாடு மேச்சேன்னுட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான்தான் பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். சான்றிதழைத் தகரப் பெட்டியின் அடியில் சேலைக்குள் சுற்றி வைத்திருக்கிறாய் என்றும், சுருட்டைக்கும் எனக்கும் தவிர இங்கே யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாய். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றாய். ஊரில் உன் அப்பாவின் மருந்துச் செலவு உன் சம்பளத்தில் ஓடுவது எனக்குத் தெரியும். தலையில் அடித்துச் சத்தியம் எதுவும் நீ கேட்கவில்லை. நான் தலையாட்டினேன், அதுவே உனக்குப் போதுமாக இருந்தது.

பரீட்சை ஸ்ரீபெரும்புதூரில். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த பையன் என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழுந்து நின்றான். கேள்வித்தாளைத் திருப்பினால், ஐந்து மதிப்பெண்ணுக்கு மாறும் விகித விளைவு விதி. நம் மேசையையே எழுதினேன். படம் போடும் முன்பு கையை ஒரு தடவை நிறுத்தினேன், ஒரு தடவை படுக்க வைத்தேன். முன்னால் நின்ற டீச்சர் என்னம்மா செய்கிறீர்கள் என்றார்.

இனி சுற்ற முடியாது.

ரிசல்ட் வந்த அன்று உனக்கு வார விடுமுறை. டீ இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். பொருளியலில் ஐம்பத்தெட்டு. லைனுக்கு ஓடிவந்து கத்தியதில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஹெச்.ஆர். அதிகாரியும் வந்தார். வயது குறைந்தவர், நல்ல மாதிரி, இப்போதும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மணி அடித்து எல்லோரும் மேசைக்குப் போனபின் என்னைத் தனியாக நிற்க வைத்துப் படம் எடுத்தார், நோட்டீஸ் போர்டில் போடப் போகிறோம், இந்த வயதில் எப்படிம்மா படித்தீர்கள் என்று கேட்டார்.

"என் லைன்லயே ஒரு பொண்ணு கீது சார். பி.ஏ. எகனாமிக்ஸ் படிச்சிருக்குது. அதுதான் சொல்லிக் குட்த்துச்சு."

உன் பெயரையும் சொன்னேன்.

வாய் தவறி வந்ததல்ல, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறந்துபோயும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நீ சொன்னதும் நான் தலையாட்டியதும் ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது வேறு. எனக்கே ஒரு தாள் இவ்வளவு மரியாதை வாங்கித் தருகிறது, பி.ஏ. படித்த பெண் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாள் என்று தெரிந்தால் இவர்கள் பதறிப்போய் உன்னை மாடியில் ஆபீஸில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்தேன். மாடு மேய்த்தேன் என்று நீ சொன்னது என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. அதை நான் மாற்றிவிடுவேன் என்று நினைத்தேன். பதினோரு வருடம் அந்தக் கம்பெனியில் இருந்தவள், எனக்கு அங்கே நடப்பது தெரியாதா? தெரியும். சந்தோஷத்தில் தெரியாதவள் போலப் பேசினேன். அதிகாரி வெரிகுட் என்று எழுதிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் கான்ட்ராக்டர் ஆபீஸில் உன்னைக் கூப்பிட்டார்கள். விண்ணப்பத்தில் பொய்த் தகவல். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இரண்டரை மணி பஸ்ஸில் நீ இல்லை. டீக்கடைக்கு வந்தால் நீ எனக்கு முன்பே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், யூனிஃபார்ம் கோட்டு இல்லாமல். நீ அழவில்லை. அந்த ஞாயிறு வல்லக்கோட்டைக்குப் போய் முருகனுக்கு அர்ச்சனை செய்வதாக இருந்தோமே, நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்றாய். பிறகு கேட்டாய்.

"யாருக்கா சொல்லியிருப்பா?"

"தெரிலமா," என்றேன்.

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். உங்களை விட்டால் சுருட்டைக்கு மட்டும்தான் தெரியும், போன வாரம் சண்டை போட்டோம், அவளாக இருக்குமோ என்று, என்னிடம் கேட்பது போலவும் உனக்கே சொல்லிக்கொள்வது போலவும் சொன்னாய். நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இருக்கும்."

ஒரு சொல்தான். அதை வைத்துக்கொண்டு நீ ஹாஸ்டலுக்குப் போனாய். அறையில் என்ன நடந்தது என்று மறுநாள் லைன் முழுக்கப் பேச்சு. நான் இல்லை, நான் இல்லை என்று சுருட்டை உன் காலைப் பிடித்தாளாம். நீ அவள் கையைத் தட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். மற்றப் பெண்கள் அவளோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டார்கள். நானும் வேறு மேசையில்தான் உட்கார்ந்தேன், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல். அவளும் நான் அவளை வெறுப்பதாகத்தான் நினைத்திருப்பாள்.

ஊருக்குப் போன பிறகும் நீ என்னை விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வாய். ப்ளஸ் டூவுக்கும் நீதான் பாடம் சொன்னாய். அங்கே டியூஷன் சென்டரில் சொற்பச் சம்பளத்துக்குப் பொருளியல் எடுப்பதாகவும், கேசரிக் கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வதாகவும் சொன்னாய். ஐந்தாவது கரண்டியும் கேட்கும் அக்கா ஒருத்தி என்று என்னை உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாய், அவர்களும் இரண்டு தடவை போனில் பேசினார்கள். ஒவ்வொரு ஞாயிறும், இன்று சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுப்பேன். நீ பாடத்தை ஆரம்பித்துவிடுவாய். இல்லை, அது பொய். நான்தான் பாடத்தை ஆரம்பித்துவிடுவேன்.

ப்ளஸ் டூ முடித்தேன். லைன் லீடர் ஆனேன். நீல கோட்டு கொடுத்தார்கள். உனக்குப் படம் அனுப்பினேன், மூன்று பூ அனுப்பினாய். அடுத்த கார்த்திகையில் இரண்டு ஞாயிறு போன் வரவில்லை. நான் கூப்பிட்டபோது எடுத்தது உன் தம்பி. காய்ச்சல், நாலே நாள், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் என்றான். நான் வரவில்லை. தூரம், லீவு இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உன் அம்மா முன்னால் நிற்கப் பயந்துதான் வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை எழுத ஆரம்பித்தது. இன்று வியாழன். நடுவில் ஒன்று நடந்துவிட்டது, அதையும் சொல்கிறேன்.

சுருட்டை இன்னும் நம் லைனில்தான் இருக்கிறாள். இப்போது என் கீழே. மூன்று வருடமாக நான் சொல்வதைச் செய்வாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. திங்கட்கிழமை டீ இடைவேளையில் அவள் வழக்கம்போலத் தனியாகத் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, அன்றைக்கு ஹெச்.ஆரிடம் சொன்னவள் நான் என்றேன். நீ கேட்டபோது தெரியாது என்றதையும், நீ அவளைத்தான் சந்தேகப்படுகிறாய் என்று தெரிந்தே "இருக்கும்" என்றதையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த டம்ளரைக் கழுவினாள், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"கடைசி வரைக்கும் நாந்தான்னு நெனச்சாளாக்கா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். உன்னிடம் அவள் பேச்சை எடுக்க நான் விட்டதே இல்லையே.

அப்புறம்தான் அவள் சொன்னாள், நீ போன செய்தி கேட்டு அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்கு வந்தாளாம். உன் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். என் பிள்ளை பிழைப்பைக் கெடுத்தவள் நீ, அவள் முகத்தில் முழிக்காதே என்று. தெருமுனையில் நின்று, உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது பார்த்தாளாம். மன்னித்துக்கொள் என்றோ என்னவோ சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லி என்னக்கா. அவ அம்மாட்ட வந்து சொல்லுங்க."

மணி அடித்தது, மேசைக்குப் போய்விட்டாள். நேற்று வந்து, சனிக்கிழமை பஸ்ஸுக்கு இரண்டு பேருக்கும் சீட்டுப் போட்டாயிற்று என்று மட்டும் சொன்னாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினைந்து வருடத்தில் நான் கேட்ட முதல் வெளியூர் லீவு, அதிகாரியே என்ன விசேஷம் என்றார்.

நீ என்னை மன்னித்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். அதனாலேயே உன்னிடம் அதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. அவளைத்தான் நீ மன்னிக்காமல் போனாய், மன்னிக்க அவளிடம் ஒன்றும் இல்லாமலே. அது என் கையால் நடந்தது. நீ சொல்லிக்கொடுத்த விதிகளில் பாதி மறந்துவிட்டன, அன்று சொன்ன 'இருக்கும்' என்ற அந்த ஒரு சொல் மட்டும் தேயாமல் அப்படியே என்னிடம் இருக்கிறது.

உன் அம்மா அவளை வாசலில் நிறுத்துவார்கள். என்னை உள்ளே கூப்பிடுவார்கள். நீ சொல்லிச் சொல்லி வைத்த அக்கா அல்லவா, பாய் போடுவார்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், காபி கலந்துகொண்டு வருவார்கள். நான் வாசலைத் தாண்டக் கூடாது. அவள் பக்கத்தில் நின்றுகொண்டே சொல்லிவிட வேண்டும்.